கொட்டாவி என்று நினைத்தேன்

மார்கழி 14, இரவு

போன வருடம் வாழைத்தோட்டத்தில் காயத்தோடு கிடந்த வெங்கிணாந்தி மலைப்பாம்புக் குட்டியை எடுத்துவந்து, கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறேன். ஒரு கிழமையாக அந்தப் பாம்பு தலையைத் தூக்கி, வாயைப் பிளந்தபடி இருந்தது. கொட்டாவி விடுகிறது என்று சிரித்து, கைபேசியில் படமும் எடுத்தேன். இன்று காலை மூக்கில் நுரை தள்ளியது. வாய்க்குள் கயிறு போலச் சளி.

துணிப்பையில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடினேன். அவர் அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தினை நாளா உப்பிடி?"

"ஒரு கிழமை இருக்கும், டொக்டர்."

"பாம்பாலை எங்களைப்போலை இருமிச் சளியைத் தள்ள ஏலாது, தம்பி. மூச்செடுக்கத்தான் வாயைத் திறந்திருக்கு."

அது மூச்சுக்குத் தவித்தபோது நான் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

ஊசி போட்டார். மழைக்குளிர் பிடித்திருக்கிறது, சூட்டில் வைத்திரு என்றார். வீட்டுக்கு வந்தால் மின்சாரம் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியருகே உட்கார்ந்துவிட்டேன். பாம்புக்குப் பயந்து அந்த அறை வாசலையே மிதிக்காத என் மனைவி சுதா, சுடுநீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தள்ளுங்கோப்பா, நான் வைக்கிறன்."

எட்ட நின்று கையை நீட்டி அதன் உடம்போரம் வைத்தாள்.

"மூச்செடுக்குதோ?"

"ஓம்" என்றேன்.

இப்போது வாயைக் கொஞ்சம் மூடியிருக்கிறது. சுதா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போத்தல் ஆறிவிட்டதாம், கூப்பிடுகிறாள்.