மோடத்துக்கும் ஒரு பொட்டு

27.9.2006, புதன்
கம்பம் ஊரிலேயே பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. என் பிரவுசிங் சென்டரில் ஈ ஓட்டினேன். சாயங்காலம் அம்மா வந்து காதோரம் சொன்னாள்: "நதியா, அப்பா சம்மதிச்சுட்டாக. கம்ப்யூட்டர்ல பிள்ளைய மட்டும் பார்ப்பாகளாம். ஓவியாகூடப் பேச்சு கிடையாதாம்."

தங்கை ஓவியா குவைத்தில் நர்ஸ். விரும்பியவனை அங்கேயே கட்டிக்கொண்டு இரண்டு வருடம். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரைச் சொன்னதில்லை. இப்போது அவளுக்கு மகள் பிறந்து நாற்பது நாள். பார்த்தால் மனசு இளகாதா? இளகணும்.

28.9
ஓவியாவுக்கு மெயில் போட்டேன். திங்கட்கிழமை, நம் நேரம் பகல் பன்னிரண்டு. பிள்ளையோடு கேமரா முன்னால் இரு. நீ வாயைத் திறக்காதே.

1.10, ஞாயிறு
ஆயுதபூஜை. எல்லா வயரையும் கழற்றித் துடைத்து வைத்தேன். பொட்டு வைக்க அப்பாவே வந்தார். தோட்டத்து மோட்டாருக்கு வைக்கிற மாதிரி சந்தனத்தை அள்ளி மானிட்டர், மவுஸ் என்று ஒன்று விடவில்லை. "இதுதான வெளிநாட்டுக்குப் பேசுற பொட்டி?" என்று மோடத்துக்கு மட்டும் இரண்டு தரம் அப்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

2.10
பன்னிரண்டுக்கு முன்பே அப்பா வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டார். நெட் இல்லை. பத்து நிமிடம். இருபது. "அவளுக்கு மனசில்ல போல. விடு" என்று எழுந்தார். போனால் இனி வரமாட்டார், எனக்குத் தெரியும். "அஞ்சு நிமிசம்ப்பா, உக்காருங்க" — கிட்டத்தட்ட அதட்டினேன்.

கறுப்புத் திரையைத் திறந்து, லைன் எதுவரை போகிறது என்று பார்க்கும் பிங் கட்டளையை அடித்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டர் பதில் தந்தது. மோடம் தரவில்லை. மறுபடி அடித்தேன். நாலு வரியும் டைம் அவுட், பதிலே இல்லை. அப்படியென்றால் டெலிபோன்காரரைத் திட்டிப் பயனில்லை; கோளாறு இந்த அறைக்குள், மோடத்துக்குப் போகும் வயரில். பிடுங்கினேன். முனையெல்லாம் மஞ்சள். மோடத்தின் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது! காலையில் பார்க்காமலே சொருகியிருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

"என்னாத்தா அது?"

"தூசிப்பா."

வேறென்ன சொல்ல? மோடத்தை அணைத்து, பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்தேன். மறுபடி பிங். நாலுக்கு நாலு பதில்.

படம் வந்தது. பிள்ளை கொட்டாவி விட்டது. ஓவியாவின் கைகள் மட்டும் தெரிந்தன. சொன்னபடி வாயைத் திறக்கவில்லை, பாவி. அப்பா நாற்காலியைத் திரைக்குக் கிட்டே நகர்த்தினார். திடீரென்று மைக்கை இழுத்தார்.

"ஏ ஓவியா, கழுத்தத் தாங்கிப் புடி. தலை சாயுது பாரு."

அந்தப் பக்கம் அழுகை. இந்தப் பக்கம் நான்.

3.10
ஒன்றும் எழுத வரவில்லை. சந்தோஷம்.

18.11, சனி
ஓவியா வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மா குவைத் போவதாகப் பேச்சு. இன்று அப்பா வந்து பாஸ்போர்ட் விண்ணப்பம் இரண்டு பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

"அம்மாவுக்கு ஒண்ணு போதுமேப்பா?"

சட்டைப்பையிலிருந்து தன் போட்டோக்களை எடுத்து மேசையில் வைத்தார். "ஒங்கம்மாவத் தனியாவா அனுப்பச் சொல்ற?"