முயல்குட்டிகளும் உன் கைராசியும்

அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. காய்ந்த புல்லும் மூத்திரமும் கலந்த வாடை. பதினாறு வருடம் கழித்து அது என் வீட்டுக்குள் வருகிறது. உள்ளே இரண்டு முயல்குட்டிகள், ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். பஸ்ஸில் குலுங்கி வந்த பயத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூலையில் ஒண்டியிருந்தன.

கொண்டுவந்தவள் உன் மகள். தேனியில் அவள் குடியிருக்கும் வீட்டுக்காரர் முயல் வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். உன் பேத்தி அழுத அழுகையில் யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லையாம். விடுமுறை நாளாகப் பார்த்து தேவிகுளத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"நீங்க வச்சாத்தான் சித்தி பொழைக்கும். அம்மா கைக்குத்தான் ஒண்ணும் வெளங்காதே. ஒங்க கை ராசியான கை," என்றாள்.

நான் டீ போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அவள் கிளம்பிய பிறகு வீடு முன்பை விட வெறிச்சென்று ஆகிவிட்டது. நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம். பக்கத்தில் உன் வீட்டில் இப்போது ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் இருக்கிறது. நல்ல மனுசர்கள். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவர்களுக்குப் புரியாது. எதிரில் வந்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். கூடப் பிறக்காவிட்டாலும், முப்பது வருடம் தேயிலைக் காட்டில் ஒரே செடி நிரையில் உன்னோடு பேசிக்கொண்டே கொளுந்து கிள்ளியவள் நான். இப்போது நாள் பூராவும் வாயைத் திறக்காமலே வீடு திரும்புகிறேன்.

குட்டிகளுக்கு இடம் செய்தேன். தக்காளிப் பெட்டிகள் இரண்டைப் பிரித்து நான்கு பக்கமும் தடுப்பு அடித்தேன். தரைக்குப் பலகை, கம்பி வலை போட்டால் பிஞ்சுப் பாதம் புண்ணாகிவிடும். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்து அதற்கு இரண்டு வாசல் வெட்டினேன். ஒரு மூலையில் மரத்தூள் பரப்பிய தட்டு, இன்னொரு மூலையில் உலர்ந்த புல். டிவி வயரைக் கடித்துவிடாமல் ஆணியடித்து மேலே தூக்கிக் கட்டினேன். எல்லாவற்றையும் முன் அறையில், ஜன்னல் காற்று நேராக அடிக்காத உள்சுவர் ஓரமாக வைத்தேன். அடுப்படியிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளினேன்.

முதல் முறை நீயும் உன் வீட்டில் அதே இடத்தில்தான் வைத்திருந்தாய். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டியை நாலு இடத்தில் வைத்து வைத்துப் பார்த்து, குட்டிகள் எங்கே காலை நீட்டிப் படுத்தனவோ அந்த இடம் போதும் என்று முடிவு செய்தாய். உன் அண்ணன் வீட்டில் ஒரு சாவு, துட்டி கேட்கப் போடிக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் கொடுத்தாய்.

"ஏட்டி, ரெண்டு வேளை புல்லு போடு, தண்ணி மாத்து. பெட்டிய மட்டும் எடம் மாத்திராத."

மார்கழிப் பனி. வெளியே புல் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. எனக்கே பல் தந்தியடிக்கும்போது, அந்தத் துளிக் குட்டிகள் எப்படித் தாங்கும் என்று இரக்கம் வந்துவிட்டது. உன் பேச்சைக் கேட்டால் நான் நானா? பெட்டியைத் தூக்கி உன் அடுப்படியில் வைத்தேன். அடுப்பில் பெரிய கட்டையாக ஒன்றைச் சொருகி, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் வந்து திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. இரண்டும் வாய் திறந்தபடி நீட்டிக் கிடந்தன. காதைத் தொட்டால் சுட்டது.

நான் அழவில்லை. முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தேன்.

"பனி தாங்கலட்டி. வெறச்சுக் கெடந்துச்சு," என்று உன்னிடம் சொன்னேன். நீ திட்டியிருந்தால் அப்போதே உளறியிருப்பேன். நீயோ, "எங் கைக்குக் குடுத்து வைக்கல," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கழுவப் போய்விட்டாய்.

அடுத்த தையில் இன்னொரு ஜோடி வாங்கினாய். இந்த முறை பனிக்குப் பயந்து பெட்டியைச் சுற்றிச் சாக்கு தைத்தாய், ஜன்னல் சந்துகளைத் துணியால் அடைத்தாய். சாக்கு தைக்கக் கோணி ஊசி எடுத்துக் கொடுத்தவள் நான். காற்றில்லாத புழுக்கத்தில் குட்டிகள் தும்ம ஆரம்பித்தன. உனக்குத் தெரியாமல் மிருகாசுபத்திரிக்குப் போய்க் கேட்டேன். குளிரை முயல் தாங்கும், சூடும் புழுக்கமும்தான் ஆகாது என்றார் டாக்டர். திரும்பி வந்து, "சாக்க எடுத்துருட்டி," என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். காரணத்தைச் சொன்னால் அடுப்படி விசயமும் வெளியே வந்துவிடும் என்று பேச்சை மாற்றிவிட்டேன். நீ எடுக்கவில்லை. அந்த வாரமே இரண்டும் போயின.

அதற்குப் பிறகு நீ முயல் வாங்கவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கோழிக்கு முட்டை வைக்க என்னைக் கூப்பிட்டாய். அவரைக்கு விதை ஊன்ற என்னைக் கூப்பிட்டாய். "எங் கை வேணாம்டி, நீ வையி," என்பது உனக்கு வாய்ப்பாடாகிவிட்டது. லயத்து வீடுகளில் எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கிண்ணத்தை உன்னிடம் நீட்டினாள் உன் மகள். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "நல்ல கையா இருக்கட்டும்," என்று என்னைப் பார்த்தாய். அன்றும் நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். உன் பேத்தியின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைத்தது என் விரல். நீ தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

குட்டிகள் வந்து மூன்று வாரம் ஆகிறது. நன்றாகத் தின்கின்றன, முன் அறை முழுக்கக் குதிக்கின்றன. நேற்று உன் மகள் போனில், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, ஒங்க கை," என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பு, கட்டை, பொய், சாக்கு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதும்விட்டேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"அய்ய, இதுக்குப் போயா சித்தி அழுவுறீங்க? மொசக்குட்டிதான, விடுங்க. அம்மாவுக்கு என்னைக்குமே கைராசி கெடையாது, ஊருக்கே தெரியும்."

திரும்பவும் சொல்லிப் பார்த்தேன். நீ முதலில் வைத்த இடம் சரி, நீ சாக்கு தைத்ததும் என் பொய்யை நம்பித்தான் என்று. "சரி சித்தி, சரி சித்தி," என்றாள். குக்கர் விசில் அடிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. அவளுக்கு இது முயல் கதை. சொல்லியிருந்தால், இது என்ன கதை என்று புரிந்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ ஏசியிருப்பாய். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாய். அப்புறம் ஒருநாள் உன் பேத்தியை இரண்டு கையாலும் வாரி எடுத்திருப்பாய். உன் கையில் ஒரு குறையும் இல்லையட்டி. அதை உன்னிடம் சொல்ல எனக்குப் பதினான்கு வருடம் இருந்தது.