பெயர் வேண்டாம் என்று நான் எழுதிக்கொடுத்த தாள்

பிணியோடு வருபவர்க்கு மருந்தாய், எங்கள் திருவள்ளூரில் பள்ளிகொண்டிருக்கும் வீரராகவன் திருவடிகளே சரணம். சொல்லெல்லாம் அவன் தந்தவை. பிழைகள் மட்டும் அடியேனுடையவை.

என் பிரியமுள்ள தம்பி கன்னியப்பா,

நீர் போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. எழுத்தாளர் சங்கத்து மலருக்கு உம்மைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். உம்மைப் பற்றிப் பிறரிடம் சொல்வதைவிட உம்மிடமே பேசிவிடுவது எனக்கு எளிது. படிப்பவர்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளட்டும்.

பழவேற்காட்டு ஏரியில் வலைவீசிய குடும்பத்தில் பிறந்தவர் நீர். பெருமாள் சந்நிதியில் பாசுரம் ஓதிச் சேவிக்கும் குடும்பத்தவன் நான். நம்மைச் சேர்த்துவைத்தது கோடம்பாக்கம். அறுபதுகளில் நாம் இருவரும் ஒரே கம்பெனிக்கு எழுதினோம். எழுதுபவர் எத்தனை பேராயினும், திரையில் வருவது ஒரே வரிதான்: ‘கதை: எங்கள் கதை இலாகா’. அந்த இலாகாவுக்கு முகமும் கிடையாது, ஊரும் கிடையாது.

அங்கேதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஒரு புராணப் படத்துக்கு வசனம் எழுதி முடித்ததும் மானேஜர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். ‘பகவானுடைய கதைக்கு அடியேன் பெயர் எதற்கு? பெயர் போடவேண்டியதில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடக்கம் என்று எண்ணினேன். உள்ளூர அதில் ஒரு பெருமையும் இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் பெயர் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் மானேஜர் அந்தத் தாளையே காட்டினார். மூன்று வருஷம் உழைத்து நீர் எழுதிய ஒரு படகோட்டியின் கதை படமானபோது உமக்கும் அதுவே காட்டப்பட்டது. நீர் என்னைத் தேடித் திருவள்ளூருக்கே வந்தீர். சந்நிதியில் சேவை முடியும்வரை ஒரு தூணருகே காத்திருந்தீர். கையில் புளியோதரையைத் தந்ததும் கேட்டீரே, நினைவிருக்கிறதா?

“இன்னா சாமி, கடைசிப் பாட்ட மட்டும் ரெண்டு தபா சொன்னீங்க? சொன்னது மறந்து பூட்ச்சா?”

“மறக்கலைப்பா. அந்தப் பாட்டுலதான் பாடினவர் தம் பேரையும் ஊரையும் வெச்சிருக்கார். அதை ரெண்டு தரம் சேவிக்கிறது வழக்கம்.”

நீர் ஒரு கவளம் தின்று முடித்தீர்.

“அப்போ பெருமாளு முன்னாடி பேரு சொல்லிக்கினா கர்வம் இல்ல. மொதலாளி முன்னாடி சொன்னாத்தான் கர்வமா? நீங்க குடுத்த சீட்டால எங்க எல்லாருக்கும் பேஜாரா கீது சாமி.”

நாள்தோறும் அந்தப் பாட்டை இரட்டித்துச் சொல்லிய வாய் இது. அதன் பொருள் என் செவியில் ஏறவேயில்லை. ஏரிக்கரையிலிருந்து வந்த நீர் ஒருமுறை கேட்டதிலேயே பிடித்துக்கொண்டீர். சாத்திரம் படித்தவன் யார், நம்மிருவரில்?

அந்த நாட்களில்தான் சினிமாத் தொழிலுக்கு என்ன சலுகை தரலாம் என்று அரசாங்கத்தார் கேட்டறியக் கூடினார்கள். முதலாளிகள் கேளிக்கை வரியைக் குறைக்கக் கேட்டார்கள். எழுதுபவனுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம், திரையில் அவன் பெயர், இவ்விரண்டும் உள்ள படத்துக்கே சலுகை என்பது நம் மனு. வேட்டி மடிப்புக் கலையாமல் நின்று நீர் சொன்னீர்:

“எங்க கும்மிடிப்பூண்டி பக்கம் ஃபேக்டரி வரும்னு நெலம் அளக்கிறாங்க ஐயா. நாளைக்கு அங்க ஆணி அடிக்கிறவனுக்குக்கூட ஹாஜர் புக்குல பேரு இருக்கும். சினிமாவும் தொழிலுன்னா, கதை எழுதறவனுக்கு மட்டும் இன்னாத்துக்கு இல்ல?”

மானேஜர் பையைத் திறந்தார். என் தாளை மேசைமேல் வைத்தார். “எழுத்தாளருங்களே பேரு வேணாம்னுதான் சொல்றாங்க. இதோ பாருங்க.”

நான் எழுந்தேன். “அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். அடக்கத்தை நான் எனக்கென்று வைத்துக்கொள்ளலாம்; இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு உரிமையில்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.”

“சாமிக்கு வயசான காலத்துல பேராசை வந்துடுச்சு” என்றார் மானேஜர். அறை சிரித்தது.

“பேர் ஆசைதான். எனக்கில்லை, இவன் கதைக்கு” என்றேன். மேசைமேலிருந்த தாளை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் தோளைத் தொட்டீர். அதுவரை தொட்டதேயில்லை. “வா அண்ணே, டீ குடிக்கலாம்” என்றீர். அந்தக் கம்பெனி அப்புறம் எனக்கு ஆள் அனுப்பவில்லை. வருந்தினேனா என்று நீர் பலமுறை கேட்டீர். அந்த ஒரு ‘அண்ணே’வுக்குப் பிறகு எதற்கு வருந்த?

சட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் காட்டுவதற்குத் தாள் இல்லாமற்போனதால் உம் பெயரை முதலாளி போட்டேயாகவேண்டியதாயிற்று. கும்மிடிப்பூண்டி டூரிங் கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ‘கதை, வசனம்: பழவேற்காடு கன்னியப்பன்’. உம் மனைவி, எனக்குத் தங்கச்சிபோன்ற சகுந்தலா, உம்மை இடித்து, “யோவ், உன் பேர இம்மாம் பெருசா போட்டுக்கிறான்யா!” என்றாள். “சும்மா இரு, கதைய பாரு” என்று அதட்டினீர்.

மஞ்சள் காமாலை உம்மைக் கொண்டுபோனது. உம் எழுத்தையோ, அந்தக் கேள்வியையோ கொண்டுபோக அதனால் முடியவில்லை.

இப்போதைய சேதி ஒன்று. ஆர்.கே.பேட்டையில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அம்மாள், தம் கதையைப் படத்துக்குக் கொடுத்திருக்கிறார். அதில் வரும் சம்ஸ்கிருதச் சொற்களைச் சரிபார்க்க என்னிடம் வந்தார். பையிலிருந்த ஒப்பந்தத்தையும் காட்டினார். ‘ஆசிரியர் பெயர் தனியே திரையிடப்படும்’ என்று அதில் ஒரு வரி. இதை எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்றேன்.

“நான் எங்க சாமி கேட்டேன்? அவங்களே எழுதிக்கினு வந்தாங்க. அது வழக்கந்தானே?”

வழக்கம்! உம்மைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். போராடிப் பெறவேண்டியிருந்த ஒன்று, கேளாமலே கிடைப்பதாகிவிட்டது. இதைவிட உமக்கு நான் சொல்லக்கூடிய நல்ல சேதி உண்டா, கன்னியப்பா?

எல்லாக் கம்பெனியிலும் அப்படியில்லை. சட்டமும் இன்னும் வரவில்லை. தை பிறந்ததும் அரசாங்கத்தார் மறுபடி மனுக்களைக் கேட்கிறார்களாம். கண் மங்கிவிட்டது, ஆனாலும் ரயிலேறிப் போவேன். நம் மனுவை நானே வாசிப்பேன். கேளாமலே கிடைக்கும் அந்த வரி எல்லார் ஒப்பந்தத்திலும் ஏறும்வரை ஓயமாட்டேன். இது வீரராகவன் சாட்சியாக உமக்கு நான் தரும் வாக்கு.

இதைப் படிக்கும் உங்கள் இல்லங்களில் நெல்லும் நல்ல சொல்லும் குறையாதிருக்கட்டும். உழைத்தவர் பெயர் உங்கள் பிள்ளைகள் வாயில் நிலைக்கட்டும். உங்கள் குடி நோயின்றி வாழட்டும்.

கூடப் பிறவாத உம் அண்ணன்,
திருவள்ளூர் நரசிம்மன்