கசிவு நின்ற அணை

மே 6

அன்புத் தம்பிக்கு,

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. "அணைக்குக் கீழே இருக்காதே, வீட்டைக் காலி பண்ணு" என்று நீ சொன்ன நாளிலிருந்துதான் உன் போனை எடுக்காமல் இருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிற உன் அத்தானைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்? ஆனாலும் நல்ல சேதியைச் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

அணைக்குள்ளிருந்து எங்கள் கொல்லைப்புறமாக வருமே கல் கால்வாய், நீயும் உன் ஆட்களும் அணையின் ஒழுகலை அடைக்கக் கருங்கல் இடுக்குகளில் சிமெண்ட் பால் ஏற்றத் தொடங்கியதிலிருந்து அதில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. இந்த வாரம் சுத்தமாக நின்றுவிட்டது. கொசு ஒழிந்தது. எதிர்வீட்டுத் தையற்காரர், "உங்க தம்பி கை வச்சா ஒழுகுமா?" என்கிறார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தான்தான், "அணைய அடைச்சவனால அக்கா வாய அடைக்க முடியலையே" என்று படுத்தபடியே சிரிக்கிறார்.

இன்னும் கோபமாக இருக்கும்,
அக்கா


மே 8

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைக் கொண்டுவரும் ஓட்டுநருடன் உடனே கிளம்பு. அத்தானுக்கு ஆம்புலன்ஸ் பின்னாலேயே வருகிறது. கீழ்த்தெருக்கள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது.

கசிவு நின்றதென்று நாங்களும் இங்கே இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். உன் கடிதத்தைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. அணையின் முகத்தில் ஒழுகுவதை அடைக்க வேண்டும், சரி. உன் கால்வாய்க்கு வருவது ஒழுகல் இல்லையே! அணைக்கு அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற, கட்டியவர்களே விட்டுவைத்த வடிகால் துளைகளிலிருந்து வருவது. நாங்கள் ஏற்றிய சிமெண்ட் பால் அந்தத் துளைகளையும் அடைத்துவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் அணையை அடியிலிருந்து நெம்பும். ஓடிப்போய் அழுத்தமானியைப் பார்த்தேன், முள் ஏறியிருக்கிறது.

ஜனங்கள் மேட்டுக்குப் போனதும் மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குவோம். துளைகளை மறுபடி துளைப்போம். என்னைத் திட்டுவதை வண்டியில் ஏறிய பிறகு வைத்துக்கொள்.

தம்பி


மே 10

தம்பிக்கு,

ஆறாம் வகுப்பு அறையில் இருக்கிறோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அத்தானைப் படுக்க வைத்திருக்கிறேன். "இந்த வயசுல மறுபடியும் ஆறாம் வகுப்பா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய தையற்காரர் இப்போது, "வேலை தெரியாதவன் கையில அணையக் குடுத்துட்டாங்க" என்கிறார். நான் விடுவேனா? "அவன் மறைக்காம சொன்னதாலதான் நீங்க உசுரோட உக்காந்து திட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

அவரிடம் அப்படிப் பேசிவிட்டேனே தவிர, ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வீடு போனால் போகட்டும். நீ அந்த அணைக்குள்ளேயே இறங்கித்தானே வேலை பார்க்கிறாய்? பத்திரமாக இருக்கிறேன் என்று ஒரு வரியாவது எழுதுடா.

அக்கா


செப்டம்பர் 14

அன்பு அக்காவுக்கு,

துளைகள் திறந்ததையும் நான் முழுசாக இருப்பதையும் அப்போதே ஒரு வரியில் எழுதினேன். முதல் துளையில் சேறும் தண்ணீரும் பீறிட்டபோது மொத்தப் பேரும் நனைந்துகொண்டே கைதட்டினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் வீடு திரும்பி இத்தனை நாளாகியும் நீ சரியாகத் தூங்குவதில்லை என்று அத்தான் சொன்னார். அதனால் கேள். அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளைபோட்டு, எஃகு வடங்களை இறக்கி, இழுத்துப் பாறையோடு கட்டிவிட்டோம். இன்று தண்ணீர் விளிம்பு தொட்டு நிற்கிறது. முள் அசையவில்லை. பாதுகாப்புக் குழுவும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

அதையெல்லாம் நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அவளை உன்னிடமே அனுப்புகிறேன். மழைக்காலம் முடியும்வரை தாயும் பிள்ளையும் அங்கேயே இருக்கட்டும். அணையைப் பார்த்த அந்தக் கொல்லைப்பக்க அறையை அவளுக்கு ஒழித்து வை.

உன்,
தம்பி