நாலு விரல் அரிதாள்

ஏரிகள் நிறைக, களங்கள் பொலிக.

பேராம்பல் நகரின் ஏழு வாயில்களுக்கும் உரியவரும், கானவேலிப் போரில் யானைகளை இழந்தும் எல்லையை இழக்காதவருமான மருங்கை நாட்டு மன்னர் மாவண்கோ திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் கண்ணந்தை எழுதியது. தென்கரை மண்டலத்து மாடுகளுக்கும், உழவர்களுக்கும், அம்மண்டலக் காவலர் சேந்தன் அமுதருக்கும் நலம் உண்டாகுக. காவலருக்கு முன்பாக மாடுகளை வாழ்த்தியது கைப்பிழை அன்று.

சென்ற திங்களில் உமது ஓலையும் ஒப்பந்தப் படியும் வந்தன. ஆட்கள் அணைக்கட்டு வேலைக்குப் போய்விட்டதால் அறுப்புக்கு ஆள் இல்லை என்றும், ஆற்றுக்கு அப்பால் கானவேலி நாட்டு வணிகன் ஆதத்தன் முப்பது கதிர்கொய் வண்டிகள் தருவதாகச் சொல்கிறான் என்றும் எழுதியிருந்தீர். அதற்கு ஈடாக, மூன்று ஆண்டுகளுக்கு வயலில் மிஞ்சும் அரிதாளை மட்டும் அவன் கேட்கிறானாம். அரிதாள் எதுவென்று நம் நாட்டில் குழந்தைக்கும் தெரியும்: அறுத்த பின் மண்ணில் நிற்கும் நாலு விரல் கட்டை, உழுதால் மக்கும், விட்டால் காலில் குத்தும். அவையில் பலர் மகிழ்ந்தனர். மன்னர் மட்டும் களநாயகம் நன்னாகரை அழைத்து, நம் தலைநகர்க் கொல்லர்கள் செய்த புல்வெட்டிப் பொறியையும் கொண்டுபோய், இரண்டையும் ஒரே வயலில் ஓட்டிப் பார்த்து, நல்லதைத் தேர்ந்து வரும்படி பணித்தார்.

நன்னாகர் முப்பது ஆண்டுகளாகக் களங்களைப் பார்த்தவர். எதையும் இலவசமாகத் தருகிறவனைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் ஆற்றுத்துறையிலேயே தொடங்கிவிட்டது. அங்கே நாற்பது பெரிய ஓடங்கள் வெறுமையாகக் கட்டிக் கிடந்தன. எதற்கு என்று ஓடக்காரனைக் கேட்டார்.

“ஆதத்தன் செட்டியாரு பேசி வச்சிருக்காரு சாமி. அறுப்பு முடிஞ்சதும் தாளு ஏத்தணுமாம்.”

நாலு விரல் கட்டையை அள்ளிப்போக நாற்பது ஓடமா? ஒரே ஓடத்தின் மூலையில் அடங்குமே! இந்தக் கேள்வியை மனத்திலேயே வைத்துக்கொண்டு அவர் வயலுக்குப் போனார்.

முதலில் நம் புல்வெட்டி இறங்கியது. அடியோடு வெட்டியது, ஆனால் பத்தடிக்கு ஒருமுறை அதன் பற்களில் சம்பாத் தாள் சிக்கியது. பிறகு ஆதத்தனின் வண்டி வந்தது. பின்னாலிருந்து இரண்டு எருமைகள் தள்ள, முன்னால் சீப்புப் பல் போன்ற கத்திகள் கதிர்களைக் கொய்து தொட்டியில் சாய்த்தன. நம் பொறி ஒரு பாத்தியை முடிப்பதற்குள் அது ஐந்து பாத்திகளை முடித்தது. கூடியிருந்தவர்கள் ஆரவாரித்தார்கள், நீர் உமது மேலாடையையே வீசினீராம்.

நன்னாகரோ தொட்டியைப் பார்க்கவில்லை, வண்டிக்குப் பின்னால் பார்த்தார். கதிர் போன பயிர் இடுப்பளவு உயரத்தில் அப்படியே நின்றது. கத்தியை இறக்கி ஓட்டும்படி கேட்டார்.

“அது பிறவியே அப்படிங்க. குனியாது,” என்றான் ஆதத்தன்.

அறுப்புப் பெண்களின் தலைவி சொக்கி பக்கத்தில் நின்றாள். அறுத்த வயலின் வைக்கோலில் ஒரு கட்டு கூலியோடு அவளுக்குச் சேரும். அதை நம்பி அவள் வீட்டில் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. அவள் வண்டியைச் சுற்றி வந்து, கத்திப் பலகையைத் தாங்கும் தூணைத் தடவிப் பார்த்தாள். அவள் சொன்னதை நன்னாகர் மாற்றாமல் எழுதி அனுப்பியிருக்கிறார்.

“ஏன் செட்டியாரே, மரத்துக்கு மச்சம் உண்டா? மேல முளை அடிச்சிருக்கு, சரி. கீழ வரிசையா மூணு மச்சம் இருக்கே!”

அரிவாள் நுனியால் அவள் நெம்பினாள். கரி பூசிய அரக்கு மூன்று உருண்டைகளாகத் தெறித்தது. உள்ளே மூன்று துளைகள். பலகையைப் பிடித்திருந்த முளையைக் கழற்றிக் கடைசித் துளைக்கு மாற்றியதும் அந்தக் குனியாத வண்டி நன்றாகவே குனிந்தது. நாலு விரல் விட்டு அறுத்தது. எருமைகளும் முன்போலவே நடந்தன.

“இப்பக் குனியுதே! இடுப்பு வலி உங்க வாயிலதான் போல,” என்றாள் சொக்கி.

ஓடங்களின் கணக்கு அப்போது நன்னாகருக்கு விளங்கியது. கத்தி மேலே நின்றால் நம் வைக்கோல் முழுவதுக்கும் அரிதாள் என்று பெயர். அது ஆற்றைக் கடந்துவிட்டால், கோடையில் நம் உழவு மாடுகளும் எல்லைப்படைக் குதிரைகளும் கானவேலி அரசன் வாயிலில் தீனிக்கு நிற்கும். அவன் ஒரு வாளும் உருவ வேண்டியதில்லை.

நன்னாகர் இரண்டு செய்திகளை எழுதி நிறுத்திக்கொண்டார். குற்றம் சாட்டுவது அவர் வழக்கம் அன்று. முதலாவது: நம் நாட்டு ஒப்பந்தங்களில் அரிதாள் என்ற சொல்லுக்கு முன் ‘நாலு விரல்’ என்று எழுதுவது மரபு, நீர் அனுப்பிய ஒப்பந்தப் படியில் அந்த இரண்டு சொற்கள் இல்லை. இரண்டாவது: துளைகளிலிருந்து விழுந்த அரக்கில் குங்கிலிய மணம் வீசியது. முத்திரை அரக்கில் குங்கிலியம் கலப்பது நம் மண்டலங்கள் ஒன்பதில் ஒன்றில் மட்டுமே வழக்கம்.

ஆகவே மன்னர் கட்டளையிடுவதாவது. ஆதத்தனின் முப்பது வண்டிகளும் ஏற்கப்பட்டன. அவற்றின் முளைகள் கடைசித் துளையில் இரும்பால் அறையப்படுக. நம் புல்வெட்டி குதிரைப் புல்வெளிகளுக்குப் போகட்டும். வைக்கோல் களத்துக்கும், அறுப்பவர் கட்டு அறுப்பவருக்கும் சேர்க. அரிதாள் ஒரு கட்டையும் குறையாமல் ஆதத்தனுக்கே. அவன் நாற்பது ஓடங்களோடு வந்து, தன் கையாலேயே பிடுங்கிக்கொள்ளலாம்.

நாலு விரல் என்பது எவர் விரல் என்று பின்னாளில் வழக்கு எழக்கூடாது. எனவே, சேந்தன் அமுதரே, உமது வலக்கையையே அளவாகக் கொள்ள மன்னர் திருவுளம் கொண்டார். ஒப்பந்தத்தின் மூல ஓலையை அந்தக் கையிலேயே ஏந்தி, இன்றிலிருந்து ஐந்தாம் நாள் அவைக்கு வருக. உமக்கு வழித்துணையாக இருந்து அழைத்துவர நூறு குதிரைவீரர் இந்த ஓலையோடு வந்து உமது வாயிலில் நிற்கின்றனர். குதிரைகளுக்கு வைக்கோல் இடுக.

இது மன்னர் ஆணை. நிலமும் நீரும் சான்று. இந்த ஓலைக்கு அரண்மனை அரக்கு இடப்படவில்லை. வயலில் விழுந்த மூன்று உருண்டைகளில் ஒன்று அவையில் இருக்கிறது. மற்ற இரண்டை உருக்கி முத்திரையிட்டோம். சற்றுமுன் அதை உடைத்தபோது, உமது முத்திரையின் மணமே உமக்குத் தெரிந்திருக்கும்.