தெருவிளக்கடியில் பூக்காத செவ்வந்தி

கோபம் ஆறாமலே போய்விட்ட என் பிலோமி அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று நாள்தான். செவ்வந்தி மொட்டில் மஞ்சள் தெரிகிறது, விரிய மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து எட்டுத் தடவை வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். நீ கொடுத்த கன்றுதான் அக்கா. இந்தப் பூ இல்லாமல் உன் கல்லறைக்கு எந்த முகத்தோடு வருவேன்?

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே தூரைப் பிரித்து ஆளுக்குப் பாதி நட்டோம். உன் வீட்டில் பூத்துக் கொட்டியது. என் வாசலில் இடுப்பு உயரம் வளர்ந்தது, ஒரு மொட்டு இல்லை. ஆகாததை என்னிடம் தள்ளிவிட்டாய் என்று நினைத்தேன். குழாயடியில் நாலு பேர் பார்க்கச் சொன்னேன்: "ஒங்கை மலட்டுக் கை. நீ குடுத்தது எங்க பூக்கும்?"

பிள்ளை இல்லாதவளிடம் சொன்னேன். நீ பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாய். இந்த வருஷத் தவக்காலத்தில் உன்னை அடக்கம் செய்யும் வரைக்கும் நாம் பேசவில்லை.

என் மகன் கல்யாணத்துக்கு நீ வராதது மட்டும் தப்பு. அதை நான் இன்னும் விடவில்லை.

அன்றைக்குச் செடியையும் பிடுங்கி எறிந்தேன். வேலியோரம் ஒரு தூர் தப்பியது. மருமகள் பூம்பாறைப் பக்கம் கூடாரத்தில் பூ வளர்க்கிற வேலைக்குப் போகிறாள். ஆவணியில் அவள் அந்தச் செடியைப் பார்த்தாள், மேலே தெருவிளக்கைப் பார்த்தாள், சிரித்தாள். "அத்தே, முந்திப் பூத்துரக் கூடாதுன்னு நாங்க ராத்திரில பல்பு போடுவோம். நீங்க விடிய விடியப் போட்டு வச்சிருக்கீங்க. எப்படிப் பூக்கும்?"

செவ்வந்தி இருட்டை அளக்குமாம். ராத்திரி நீளமாய், இடையில் வெளிச்சம் படாமல் இருந்தால்தான் இலையில் ஏதோ ஒன்று ஊறி நுனிக்கு ஏறுமாம். வளர்ந்தது போதும், மொட்டு வை என்று அதுதான் சொல்லுமாம். என் செடிக்கு ஏழு வருஷமாய்க் கோடை முடியவே இல்லை. அந்த விளக்கு உன் வாசலுக்கு வரவேண்டியது. பஞ்சாயத்து ஆபீஸில் சண்டை போட்டு என் வாசலுக்கு இழுத்தவள் நான்.

அன்றிலிருந்து விளக்கு எரியுமுன் செடியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, வெள்ளனே எடுக்கிறேன். எனக்கு எங்கே பொறுமை இருக்கிறது? இடையில் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். மருமகள் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டாள். "சும்மா கெடக்க விடுங்கத்தே. ஒங்களுக்குப் பயந்தே அது பூக்காது."

நீயும் எனக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தாயா? இல்லை, இவளிடம் என்ன பேச்சு என்று விட்டுவிட்டாயா?

விரிந்தால் பூவோடு வருவேன், விரியாவிட்டால் மொட்டோடு வருவேன். எல்லாக் குடும்பமும் மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும்போது, அக்கா கையில் குற்றமில்லை, நான் சண்டை போட்டு வாங்கிய விளக்குதான் கெடுத்தது என்று எல்லார் காதிலும் விழச் சொல்வேன். பங்குச்சாமி தீர்த்தம் தெளிக்க வருமுன் சொல்லிவிட வேண்டும். நேரமானால் எனக்கு மறுபடி வீம்பு வந்துவிடும்.

உன் கொழுந்தன் பெண்டாட்டி,
சவரியம்மா