குழாயடியில் மூச்சுவிட்டவள்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுக்கவே மாட்டேன் என்று நீ அடம்பிடிப்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருந்தால் சிரிக்காதே.

நம் படத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். நான் இயக்கி, நானே நடித்து, வந்த வேகத்தில் பெட்டிக்குள் போன அதே படம்தான். உலகமே அழிந்த பிறகு ஒருத்தன் மட்டும் தெருத்தெருவாக அலைவானே, அது. பழைய படங்களைச் சுத்தம் செய்யும் ஓர் இடத்தில் கீறல்களை நீக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் மாதம் பெரிய திரையில் போடப்போகிறார்களாம். அங்கே வேலை செய்யும் பெண் கேட்டாள்: "சார், குழாயடியில செத்துக் கிடக்கிற அம்மா மூச்சு விடுறாங்களே, கவனிச்சீங்களா? கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாமா?"

கவனிக்காமலா! வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மூச்சில் ஏறி இறங்கும் அந்த வயிறு உன்னுடையது. என்ன சொல்கிறாய்?

மிக்ஸி என் பேச்சைக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
வீட்டைக் காத்துக்கொண்டிருப்பவன்


மார்ச் 15

மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது. கிட்டே போனவர்களையெல்லாம் கடிக்கிறாள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தாராளமாக அழிக்கச் சொல்லுங்கள். "படத்தைக் கவுத்ததே என் பொண்டாட்டி விட்ட மூச்சுதான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னீர்களே, அப்போது என்னைக் கேட்டீர்களா? மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவள் ஏன் திரும்பவில்லை என்று ஒன்றும் தெரியாதவர்போல் இருக்கிறீர்கள். நான் கிளம்புவதற்கு முதல் நாள்கூட, சம்பந்தி வீட்டார் முன்னால் அதே கதை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் டீ தட்டோடு நின்றேன். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

இன்றாவது கேளுங்கள். பிணமாக நடிக்க வேண்டியவள் வரவில்லை என்று, "நீ சும்மா படுத்துக்கோ, போதும்" என்றீர்கள். உங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு வந்து, கொதிக்கிற தார்ரோட்டில் படுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன். நீங்களோ, உலகத்தின் கடைசி மனிதனுக்கு என்ன அவசரம் என்று ஆடி அசைந்து வந்தீர்கள்! எவ்வளவு நேரம்தான் ஒருத்தி பிடிப்பாள்? என்னைத் தாண்டிப் போயிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் விட்டேன்.

அழித்துவிடுங்கள். நிம்மதியாகச் செத்துப்போகிறேன்.

மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்துத் திருகினால் ஓடும்.

இப்படிக்கு,
குழாயடிப் பிணம்


ஏப்ரல் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

மிக்ஸி ஓடுகிறது.

நீ சொன்னபடியே அழிக்கச் சொன்னேன். நேற்று கூப்பிட்டுக் காட்டினார்கள். கீறல் ஒன்றுகூட இல்லை. உன் புடவைக் கரையில் இருந்த பூ வரைக்கும் தெரிகிறது. நான் நடந்து வருகிறேன். நீ கிடக்கிறாய். உன் வயிறு அசையவில்லை. அசையவே இல்லை.

எழுந்து நின்று, "ஐயோ, அவளை எழுப்புங்கம்மா!" என்று கத்தியிருக்கிறேன். கத்தியதே எனக்குத் தெரியாது, அந்தப் பெண்தான் பிறகு சொன்னாள். தண்ணீர் கொடுத்து, "சார், அது படம் சார்" என்றாள். படம்தான். ஆனாலும் நீ கிடந்தாயே, அந்தக் கிறுக்கன் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தானே! உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"பழையபடியே வச்சிடும்மா. அவ மூச்சு விடட்டும்" என்றேன்.

"ஜனங்க சிரிப்பாங்களே சார்?"

அதற்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன். படம் போடுவதற்கு முன்னால் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். கோளாறு என் நடையில்தான், அவள் மூச்சில் இல்லை என்று மைக்கில் சொல்வேன். சம்பந்தி வீட்டாரையும் முதல் வரிசையில் உட்கார வைப்பேன்.

தனியாக இருப்பவன் எப்படி இருப்பான் என்று அந்தக் காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு நடித்தேன். ஒரு மண்ணும் தெரியாமல் நடித்திருக்கிறேன். தாடி வளர்த்தேன், வானத்தைப் பார்த்தேன். சாப்பிட உட்காரும்போது இரண்டு தட்டை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பான் என்று தெரியவில்லை.

வந்துவிடு. படத்துக்காக இல்லை.

இப்படிக்கு,
உன்னவன்


ஏப்ரல் 13

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்து மகள் அழுதாள். நான் அழவில்லை. கொஞ்சம்தான் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அன்றைக்குச் சமையல் உங்களுடையது. உப்பைப் பார்த்துப் போடுங்கள்.

ஸ்டேஷனில் கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஆடி அசைந்து வராமல் சீக்கிரம் வாருங்கள். இந்தத் தடவையும் என்னைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்னும் மூச்சு விடுகிறவள்